விழுந்ததா, விட்டதா?

நாக்கு வந்த பிறகுதான் எங்கள் தொழிலில் இத்தனை வம்பு. அதற்கு முன்பு நன்றாகத்தான் இருந்தோம். பவானி கூடுதுறையில் தண்ணீர் வடிந்ததும், வட்டத் தட்டு வைத்த பழைய கருவியை மணலுக்கு மேல் வீசிக்கொண்டே நடப்போம். காதில் ‘கீ’ என்று கத்தினால் தோண்டுவோம். செல்லாத காசு, மூக்குத்தித் திருகு, பித்தளை விளக்கு, எப்போதாவது ஒரு மோதிரம். பழங்காசு கிடைத்தால் தாசில்தார் ஆபீசில் ஒப்படைப்போம். நகை கிடைத்தால் தொலைத்தவரைத் தேடிப் பிடித்துக் கொடுப்போம். அவர்கள் மனமுவந்து கொடுப்பதில் காலம் ஓடியது.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. எது கிடைத்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: விழுந்ததா, விட்டதா? குளிக்கும்போது கழன்று விழுந்த சாமான் ஆளுக்குச் சொந்தம். காரியம் செய்துவிட்டு வேண்டுமென்றே தண்ணீரில் விட்டது ஆற்றுக்குச் சொந்தம். எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். பழைய கருவிக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குக் கத்த மட்டும்தான் தெரியும். விழுந்ததா விட்டதா என்று நாங்களே குத்துமதிப்பாக, எங்கள் வசதியையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு, முடிவு செய்வோம்.

நாக்கு அப்படியில்லை. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி செய்த கருவி அது. அதன் நுனியில் சிவப்பாக, எப்போதும் ஈரமாக ஒரு பட்டை இருக்கும். அதனால் அந்தப் பெயர். கிடைத்த பொருளின்மேல் அதை ஒட்டி வைத்தால் ருசி பார்க்கும். உயிருள்ள தோல் வேர்க்கும் அல்லவா? அந்த வேர்வை நகையின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். நகை உடம்பை விட்டு நீங்கியதும் தண்ணீரும் மணலும் அந்தப் படிவை அரிக்க ஆரம்பிக்கும். எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்து, உடம்பை விட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நாக்கு ஓர் எண்ணைக் காட்டும். எத்தனை பேர் போட்டிருந்தார்களோ அத்தனை கோடு காட்டும். பெயர் மட்டும் சொல்லாது. அதுவரைக்கும் புண்ணியம்.

இதனால் எத்தனை வீட்டில் சண்டை வந்தது தெரியுமா? ஜம்பையில் ஓர் அம்மா, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சங்கிலியை வேலைக்காரப் பெண் திருடிவிட்டாள் என்று சொல்லிப் போலீசில் கொடுத்து, அந்தப் பெண் மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். போன வருஷம் அந்த வீட்டுக் கிணற்றைத் தூர் வாரும்போது சங்கிலி கிடைத்தது. நாக்கை வைத்தோம். பதினோரு வருஷம், ஒரே கோடு, அந்த அம்மாவைத் தவிர வேறு யாரும் போட்டதில்லை. வேலைக்காரப் பெண் அதற்குள் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. எங்களைத் திட்டித் தீர்த்தார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்திருந்தும் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் குழந்தைவேலு. வயது நாற்பத்தெட்டு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு நாலு பேர் என்னைப் போல இருக்கிறார்கள். இருபத்தைந்தில் ஜாதகம் சரியில்லை என்றார்கள், முப்பதில் நிலம் போதாது என்றார்கள், முப்பத்தைந்தில் பெண்ணே இல்லை என்றார்கள். அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கூட்டாளிகள் மட்டும், “கொழந்தைக்கு எப்பப்பா காது குத்து?” என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

பூங்கொடியை இரண்டு வருஷத்துக்கு முன்பு நெரிஞ்சிப்பேட்டையில் சந்தித்தேன். அங்கே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவளாகத்தான் என்னைத் தேடிப் பிடித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மேட்டூர் அணை நிரம்பித் தண்ணீர் திறந்த நாளில், அவள் புருஷன் சௌந்தர்ராசு ஆற்றுக்குக் குளிக்கப் போனான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். கரையில் சட்டையும் செருப்பும் இருந்தன, ஆள் இல்லை. பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் கூடி அவள் தாலியை வாங்கிவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து அரசாங்கமும் இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. அவள் மனசு மட்டும் கொடுக்கவில்லை.

“ஆத்தோட போனாருன்னு ஊரே சொல்லுதுங்க. ஆனா ஆறு எனக்கு ஒண்ணுமே திருப்பித் தரலீங்களே” என்றாள் அன்று.

தேடுகிறேன் என்றேன். தேடத் தேட அவள் வீட்டில் டீ கிடைத்தது, பிறகு சாப்பாடு கிடைத்தது. போன தை மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு என் மனசைச் சொன்னேன். அவள் மாவுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“எனக்கும் சம்மதந்தானுங்க. ஆனா அவரோட சாமான் ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. அவரு போயிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தர்றேன். தெரியாமயே இன்னொரு தாலி கட்டிக்க முடியாதுங்.”

என்னென்ன போட்டிருந்தான் என்று கேட்டேன். வெள்ளி அரணாக்கொடி என்றாள். கல்யாணத்துக்கு அவள் அப்பா இடுப்புக்குப் போட்டது. ஒருமுறை கண்ணி ஒன்று விட்டுப்போய், அவளுடைய பழைய கொலுசிலிருந்து ஒரு கண்ணியை எடுத்துப் பத்தர் சேர்த்திருக்கிறார். அந்தக் கண்ணி மட்டும் மாங்காய் வடிவத்தில் இருக்கும்.

சித்திரையில் கூடுதுறை மணலில் அது கிடைத்தது.

கருவி கத்தியதும் தோண்டினேன். கறுத்துப்போன கொடி ஒன்று கையோடு வந்தது. சட்டையில் துடைத்துப் பார்த்தேன். நடுவில் மாங்காய்க் கண்ணி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். வைகாசியில் என்னென்ன முகூர்த்தம் வருகிறது என்று அந்த ஈர மணலில் உட்கார்ந்தபடியே யோசித்தேன்.

அப்புறம்தான், பழக்கதோஷத்தில், நாக்கை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

மூன்று என்று காட்டியது.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மூன்று. கொடியின் அடுத்த முனையில் வைத்தேன். மூன்று. என் விரல் மோதிரத்தில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம். கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்தது, சனியன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆற்றோடு போனவன் இடுப்பில் இருந்தது, மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் உடம்பை விட்டது என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஹேமலதா என்ற பெண் எடுத்தாள். எங்கள் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லுகிற இன்ஜினியர் அவள்தான்.

“அம்மிணி, இது தப்பாக் காட்டுமுங்களா?”

“ஆறு மாசம் முன்னப்பின்ன காட்டுங்க சார். தண்ணி எப்படியிருக்குன்றதைப் பொறுத்தது.”

“ஆறு வருசம்?”

“அதுக்கு வாய்ப்பே இல்லைங்க.”

“ஒருவேளை ஆளு செத்து, உடம்பு எங்கியாச்சும் சிக்கிக் கெடந்து, கொடி அதுலயே இருந்திருந்தா? பொறவு கழண்டிருந்தா?”

“செத்த உடம்பு வேர்க்காதுங்களே. உயிரோட இருக்கறவங்க கடைசியா வேர்த்ததுல இருந்துதான் எண்ணும். எலும்புக்கூட்டுல நூறு வருஷம் கெடந்தாலும் நூறுன்னுதான் காட்டும்.”

எனக்கு இன்னொரு வழி தோன்றியது. “வேற யாராச்சும் கண்டெடுத்துப் போட்டிருக்கலாமில்லீங்?”

“எத்தனை கோடு காட்டுது?”

பார்த்தேன். “ஒண்ணு.”

“அப்ப ஒரே ஆளுதாங்க. மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் உயிரோட இருந்திருக்காரு.” பிறகு, “நல்ல விஷயந்தானுங்க சார்?” என்றாள்.

நல்ல விஷயம்தானா? யாருக்கு? அன்று முழுதும் இதே யோசனை. அவன் நினைவு தப்பி எங்காவது கிடந்தானா? அப்படியென்றால் கூடுதுறைக்கு எப்படி வந்தான்? நினைவு இருந்தது என்றால், இவ்வளவு தூரம் வந்தவன் ஒரு பஸ் ஏறி நெரிஞ்சிப்பேட்டைக்கு ஏன் போகவில்லை? ஒருவேளை இங்கே குளிக்கும்போதுதான் நிஜமாகவே முழுகிவிட்டானா? கொடியின் முனையும் குழப்பியது. கொக்கி கழன்றிருக்கவில்லை. கொக்கிக்குப் பக்கத்தில் கண்ணி துண்டாகியிருந்தது. பாறையில் சிக்கி அறுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் பூங்கொடி என்ன செய்வாள் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. அவனைத் தேடக் கிளம்பிவிடுவாள். இன்னும் ஒன்பது வருஷம் தேடுவாள். எனக்கு அப்போது ஐம்பத்தேழு.

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டேன். “கெடச்சுதுங்க. மாங்காய்க் கண்ணி இருக்குது” என்றேன். போனில் மாவு அரைக்கிற மெஷினை நிறுத்துவது மட்டும் கேட்டது. பிறகு கேட்டாள்:

“நாக்குல வெச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்.”

“ஒம்பது வருசம் காட்டுதுங்களா?”

எண்ணையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு சொல் சொல்வதுதான்.

“ஆமாங்” என்றேன்.

அவள் அழுதாள். இத்தனை நாளில் அவள் அழுது நான் கேட்டதில்லை. “நீங்க நல்லா இருக்கோணும்” என்றாள் அழுகைக்கு நடுவில். போனை வைத்த பிறகு எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெளுத்த நீலச் சேலை. கொடியை அவள் கையில் கொடுத்தேன். மாங்காய்க் கண்ணியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே படியிறங்கினாள். கொடியைக் கையில் வைத்துக்கொண்டு தலைமுழுக வேண்டும், பிறகு அதை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அவள் முடிவு.

படித்துறையில் காரியம் செய்து வைக்கிற அங்கமுத்து அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தேன். சவரக் கத்தியிலிருந்து மண்சட்டி வரைக்கும் ஒரு பையில் வைத்திருப்பார். முப்பது வருஷமாக அந்தத் துறைதான் அவர் பிழைப்பு. நானும் அங்கேதான் பிழைக்கிறேன் என்றாலும் அவர் வேலையை நான் நின்று பார்த்ததில்லை. காரியம் நடக்கும்போது எங்கள் ஆட்கள் முதுகைத் திருப்பிக்கொள்வது மரியாதை. அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

அங்கமுத்து அண்ணன் வாழையிலையை விரித்து, மஞ்சளும் எள்ளும் எடுத்து வைத்தார். “சாமான் குடும்மா” என்று கை நீட்டினார். பூங்கொடி கொடியைக் கொடுத்தாள். வாங்கியவர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அட, இது எங்கீங்க கெடச்சுது?”

“மணல்லதான். நீங்க காரியத்தை ஆரம்பிங்கண்ணா” என்றேன் அவசரமாக.

“இதை நாந்தானுங் அறுத்தேன்! இந்த மாங்காய்க் கண்ணி நல்லா ஞாபகம் இருக்குது. மூணு வருசம் ஆகுமுங். கொடிய அறுத்தா வெள்ளி எனக்குத்தான் வரோணும், அதான் மொறை. அந்தாளு வாங்கி ஆத்துல வீசிட்டான். எனக்கு வவுறு எரிஞ்சு போச்சு!”

நான் அவர் முழங்காலைத் தொட்டேன், கண்ணைக் காட்டினேன், இருமினேன். வயிறு எரிகிற மனுஷன் எதைக் கவனிக்கப் போகிறார்?

“எதுக்குங்க அறுத்தீங்க?” என்று கேட்டாள் பூங்கொடி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“பொண்டாட்டி செத்தா அறுக்கறதுதானம்மா. புருசன் செத்தா பொம்பளைக்குத் தாலி, பொண்டாட்டி செத்தா ஆம்பளைக்கு அரணாக்கொடி. இப்பல்லாம் பாதிப் பேரு அறுக்கறதில்லை. அந்தாளு கேட்டு அறுத்துக்கிட்டான்.”

கல்யாணமே ஆகாதவனுக்கு இந்த முறையெல்லாம் யார் சொல்லியிருக்கிறார்கள்? பாறையாம், சிக்கியதாம்.

“தனியாத்தான் வந்தானுங்” என்று அவர் கொடியை இலையில் வைத்துவிட்டு எள்ளைக் கிள்ளி வைத்துக்கொண்டே தொடர்ந்தார். “சாம்பல் இல்லை, சொந்தம் இல்லை, ஒரு போட்டோ கூட இல்லை. கேட்டா, பொண்டாட்டி முன்னமே தவறிட்டா, இப்ப கொள்ளேகால்ல ரெண்டாங் கண்ணாலம் பண்ணப் போறேன், பொண்ணு வீட்டுல மொதல்ல அந்தக் காரியத்தை முடிச்சுட்டு வரச் சொல்லிட்டாங்கங்கறான். சரி, செத்தவிய பேரைச் சொல்லு, பேரு சொல்லித்தான் பிண்டம் வெக்கோணும்னேன்.”

“என்ன பேரு சொன்னாரு?”

“பூங்கொடின்னான். எம்பட மக பேரும் அதுதானுங், அதனால மறக்கல. கொடியையும் வீசிப்போட்டு, பூங்கொடிங்கறான் பாருன்னு நெனச்சுக்கிட்டேன்.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “உம்பட பேரு என்னம்மா? செய்யறவிய பேரும் சொல்லோணும்.”

அவள் சொன்னாள்.

அங்கமுத்து அண்ணன் கையிலிருந்த எள் இலைக்கு வெளியே சிந்தியது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்காமல் பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. சர்டிபிகேட்டில் அவன் செத்தவன். இந்தத் துறையில் இவள் செத்தவள். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். யாருக்கு யார் காரியம் செய்வது? இவள் ஒன்பது வருஷம் பொட்டில்லாமல், பூவில்லாமல், ஓடிப்போன ஒருவனுக்காக உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவனோ இவள் பெயரைச் சொல்லிப் பிண்டம் வைத்துவிட்டு, மாப்பிள்ளையாகப் போயிருக்கிறான். அவனைக் கொன்றுவிட வேண்டும் போல எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நான் செய்ததையே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

“ஏனுங்” என்றாள் என் பக்கம் திரும்பி. “நாக்கு எத்தனை காட்டுச்சு?”

“மூணு.”

“என்னைக்குக் காட்டுச்சு?”

“எடுத்த அன்னைக்கே.”

“நான் ஒம்பதான்னு கேட்டப்போ?”

“தெரியுமுங்.”

என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லலாமா? அது பொய். என் நல்லதுக்குத்தான் என்று சொல்லலாமா? அதை எப்படிச் சொல்வது? கடைசியில், “பயந்துட்டேன்” என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் பேசிய உண்மை.

அவள் தலையாட்டினாள், புரிந்தது என்பது போல. அது இன்னும் மோசமாக இருந்தது.

“அவரு எனக்குத் தெரியாம என்னையச் சாகடிச்சாரு” என்றாள். “நீங்க தெரிஞ்சே எங்கிட்ட அவரைச் சாகடிச்சீங்க. அவருகிட்ட நான் ஒண்ணும் கேக்கலீங். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.”

கொடியை இலையிலிருந்து எடுத்தாள். ஆற்றில் விடவில்லை. அங்கமுத்து அண்ணன் கையில் வைத்து, “உங்களுது” என்றாள். அவர் வேண்டாம் என்று கையை இழுத்தார். அவள் விடவில்லை. பிறகு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு ஆழத்தில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டாள். எழுந்து, முகத்தை வழித்துவிட்டு, கரையில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள். இரண்டாவது முழுக்குப் போட்டாள்.

படியேறத் திரும்பியவளைப் பார்த்து, முப்பது வருஷப் பழக்கத்தில் அங்கமுத்து அண்ணன் சொன்னார்: “மூணு போடோணும்மா. மூணுதான் மொறை.”

“மூணாவதுக்கு ஆளு இல்லீங்” என்றாள்.

ஈரச் சேலையோடு வந்து பையை எடுத்தாள். தலையைத் துவட்டினாள். துறை வாசலில் பூ விற்கும் பெண்ணிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, ஈரத் தலையிலேயே வைத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே போய், மூன்றடி தள்ளி நின்றேன். மன்னிப்புக் கேட்பதா, வைகாசியைப் பற்றிக் கேட்பதா, பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி பிடித்துத் தரட்டுமா என்று கேட்பதா? எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“கெளம்பறனுங்கண்ணா” என்றாள்.

இரண்டு வருஷமாக அவள் என்னை ‘ஏனுங்’ என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அங்கமுத்து அண்ணனிடம் சொல்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெகுதூரத்தில், கீழ்ப்படியில், அடுத்த குடும்பத்துக்கு இலை விரித்துக்கொண்டிருந்தார்.